புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா? மெரைன் தொட்டியில் ஒட்டுண்ணியைச் சமாளிக்க ஒரு வழிகாட்டி

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் ஆசையாக டாங், க்ளவுன் மாதிரி ஏதாவது ஒரு கடல் மீனை வாங்கிவந்து வீட்டு உப்புத்தண்ணீர்த் தொட்டியில் விடுகிறோம். ஒரு வாரம் கழித்து, ஒரு நாள் காலையில் துடுப்பில் உப்புக்கல் ஒட்டியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. கடைக்காரருக்கு போன் போட்டால், "ஒண்ணும் இல்ல தம்பி, தண்ணி கொஞ்சம் மாத்துங்க, தீனில பூண்டு கலந்து போடுங்க, ரெண்டு நாள்ல போயிடும்" என்பார். அவர் சொன்ன மாதிரியே புள்ளி போய்விடும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அடுத்த வாரம் அதே புள்ளிகள் பல மடங்காகத் திரும்பி வரும். அப்போது மீன் தீனியைக்கூடத் திரும்பிப் பார்க்காது.

இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். கண்ணில் படும் புள்ளி நோயின் ஒரு பகுதிதான். பெரும்பகுதி மணலிலும் கல்லிலும் கண்ணாடியிலும் இருக்கிறது. அதனால் வைத்தியம் இரண்டு இடத்தில் நடக்க வேண்டும். மீனுக்குத் தனியாக ஒரு ஆஸ்பத்திரித் தொட்டி, பெரிய தொட்டிக்கு மீனே இல்லாத சில வாரங்கள். இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

புள்ளி ஏன் தானாக மறைகிறது

கடல் மீனுக்கு வரும் வெள்ளைப் புள்ளி நோய்க்குக் காரணம் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. இது மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் புகுந்துகொண்டு மூன்று முதல் ஏழு நாள் வரை தின்று கொழுக்கிறது. நாம் பார்க்கும் புள்ளி அதுதான். வயிறு நிறைந்ததும் தானே மீனை விட்டு இறங்கிவிடும். பெரும்பாலும் விடியலுக்கு முந்தைய இருட்டில் இறங்கும். சில மணி நேரம் தரையில் ஊர்ந்து, ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டி, தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்ளும். அந்த ஓட்டுக்குள் பிரிந்து பிரிந்து இருநூறு குஞ்சுகள் வரை உருவாகும். சில ஓடுகள் மூன்றே நாளில் வெடிக்கும். பல ஓடுகள் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். வெளியே வரும் குஞ்சு ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும்.

பூண்டு போட்டாலும் போடாவிட்டாலும் புள்ளி அந்த நாளில் மறையத்தான் போகிறது. பேர் மட்டும் பூண்டுக்குப் போய்ச் சேர்கிறது.

இதில் நமக்குச் சாதகமான இடங்கள் இரண்டு. மீனின் தோலுக்குள் இருக்கும்போதும் ஓட்டுக்குள் இருக்கும்போதும் மருந்து அதைத் தொடாது. நீந்தித் திரியும் குஞ்சுப் பருவத்தில்தான் தொடும். ஆகவே மருந்து தண்ணீரில் இடைவிடாமல் இருக்க வேண்டும். இது ஒன்று. மீன் கிடைக்காவிட்டால் குஞ்சு பட்டினியில் சாகும். இது இரண்டாவது. கீழே வரும் பெரும்பாலான முறைகள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் பயன்படுத்துகின்றன.

எந்த நோய் என்று பாருங்கள்

மருந்து வாங்க ஓடுவதற்கு முன்னால் பத்து நிமிடம் தொட்டி முன் உட்காருங்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை மீனின் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் செதிலின் மினுமினுப்பில் ஒன்றும் தெரியாது.

தனித்தனியாக எண்ணக்கூடிய வெள்ளைப் புள்ளிகள், மீன் கல்லில் உரசிக்கொள்கிறது, ஆனாலும் தீனி எடுக்கிறது என்றால் அது பெரும்பாலும் வெள்ளைப் புள்ளி நோய். உங்களுக்கு அவகாசம் இருக்கிறது.

எண்ண முடியாத அளவுக்கு நுண்ணிய தூசு, சாம்பல் நிறத்திலோ லேசான தங்க நிறத்திலோ பவுடர் பூசியது மாதிரி இருந்தால் அது வெல்வெட். அமைலூடினியம் என்ற வேறு ஓர் உயிரி. இதில் தோலைவிடச் செவுள்தான் முதலில் அடிவாங்கும். மீன் வாயைத் திறந்தபடி வேகமாக மூச்சு வாங்கும், பவர்ஹெட் பம்ப் தண்ணீரைப் பீய்ச்சும் இடத்தில் போய் எதிர்த்து நிற்கும், வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்கும். தூசு கண்ணுக்குத் தெரியும் முன்பே மீன் செத்துப்போவதும் உண்டு. இரண்டு மூன்று நாளில் தொட்டியே காலியாகிவிடும். ஆக, மூச்சு வாங்குவதைப் பார்த்தால் 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று படுத்துவிடாதீர்கள்.

க்ளவுன் மீனின் உடம்பில் சளி திட்டுத்திட்டாக உரிந்து தொங்கினால் அது புரூக்ளினெல்லா என்ற இன்னோர் ஒட்டுண்ணி. கடலில் பிடித்த க்ளவுன்களிடம் அதிகம். குரோமிஸ் மாதிரியான மீன்களில் செதிலுக்கு அடியில் ரத்தச் சிவப்பாகப் புண் கிளம்பினால் யுரோனிமா என்ற ஒட்டுண்ணியைச் சந்தேகப்படுங்கள். அது தசைக்குள் போய்விட்டால் காப்பாற்றுவது கடினம். கண் மங்கலாகி, மீன் தலையைச் சிலுப்பி, அடிக்கடி கொட்டாவி விட்டால் ஃப்ளூக் என்னும் தட்டைப் புழுவாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. துடுப்பு ஓரத்தில் காலிஃப்ளவர் மாதிரி ஒரு கட்டி, வாரக்கணக்கில் அதே இடத்தில் இருந்தால் அது லிம்ஃபோசிஸ்டிஸ் என்ற வைரஸ். ஒட்டுண்ணி மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நல்ல தீனியும் நல்ல தண்ணீரும் கொடுத்தால் பெரும்பாலும் தானே உதிரும். இதற்குப் போய் காப்பர், அதாவது செம்பு கலந்த ஒட்டுண்ணி மருந்து, ஊற்றி மீனை வதைப்பவர்கள் உண்டு.

ஆஸ்பத்திரித் தொட்டி

பெரிய தொட்டியில் மருந்து ஊற்றாதீர்கள். காப்பர் பட்டால் இறால், நத்தை, பவளம், அனிமோன் எல்லாம் சாகும். கல்லும் மணலும் காப்பரை உறிஞ்சிக்கொள்வதால் மருந்தின் அளவும் நிற்காது. தனித் தொட்டிதான் வழி.

அதற்குப் பெரிய செலவு இல்லை. சின்ன மீன் ஒன்றிரண்டுக்கு 40 முதல் 60 லிட்டர் கண்ணாடித் தொட்டி போதும். உணவுப்பொருள் வைக்கும் தரத்தில் உள்ள பிளாஸ்டிக் டப்பும் ஆகும். பாரிமுனைப் பக்கம் பாத்திரக் கடைகளில் மூடியோடு கிடைக்கும். டாங் மாதிரி ஓயாமல் சுற்றும் மீனுக்கு இன்னும் பெரிதாக வேண்டும். உள்ளே மணல் வேண்டாம், கல் வேண்டாம். ஒளிந்துகொள்ள பிளம்பிங் கடையில் இரண்டங்குல பி.வி.சி. எல்போ இரண்டு மூன்று வாங்கிப் போடுங்கள். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஏர் பம்ப், தெர்மாமீட்டர், மேலே ஒரு மூடி. ஹீட்டர் இல்லாமலே நம் ஊரில் பெரும்பாலான மாதங்கள் ஓடிவிடும்.

காற்றில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. உப்புத்தண்ணீரில் 25 டிகிரியில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் அளவுக்கு ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் அது 6.2 ஆகக் குறையும். செவுள் பாதி அடைத்துப்போன மீனுக்கு அந்த வித்தியாசமே மூச்சை நிறுத்தும். கத்திரி வெயிலில் தொட்டிமேல் ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் கைவசம் இருக்கட்டும். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் டிசம்பர் மழையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தத் தொட்டியில் மீனைக் கொல்வது பல நேரம் நோயில்லை, அம்மோனியா. புதுத் தொட்டியில் கழிவைத் தின்னும் பாக்டீரியா இருக்காது. உப்புத்தண்ணீரின் பி.எச். 8-க்கு மேல் இருப்பதால் அதே அளவு அம்மோனியா நன்னீரைவிட இங்கே அதிக விஷம். முன்யோசனை உள்ளவர்கள் பெரிய தொட்டியின் சம்ப்பில் (தண்ணீரை வடிகட்டும் துணைத் தொட்டி) ஒரு உபரி ஸ்பாஞ்சை எப்போதும் போட்டு வைத்திருப்பார்கள். அவசரத்துக்கு அதை எடுத்து மாட்டிவிடலாம். இல்லாதவர்கள் தினமும் அம்மோனியா டெஸ்ட் எடுங்கள். நிறம் கொஞ்சம் மாறினாலும் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தண்ணீர் மாற்றுங்கள். தீனியைக் குறைவாகப் போட்டு, பத்து நிமிடத்தில் மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

தண்ணீர் எங்கே பிடிப்பது

வட சென்னைக்காரர்களுக்கு இது தனிப் பிரச்சினை. போர் தண்ணீரை நம்பவே வேண்டாம். மீஞ்சூர் பக்கத்து நிலத்தடி நீரில் கடல் நீர் புகுந்தது ஊரறிந்த சங்கதி. திருவொற்றியூர், எர்ணாவூர் வீடுகளிலும் போர் தண்ணீர் கரிக்கும். அதில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று டெஸ்ட் எடுக்காமல் சொல்ல முடியாது. மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். காட்டுப்பள்ளியில் 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். நாளுக்கு 10 கோடி லிட்டர் அதன் திறன். அப்படிச் சிரமப்பட்டு உப்பை எடுத்து அனுப்பினால், நாம் காசு கொடுத்து வாங்கிய உப்பை மறுபடி அதில் போடுகிறோம்! ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. அவசரத்துக்கு 20 லிட்டர் கேன் தண்ணீரும் ஓடும், தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

உப்பு, மெரைன் சால்ட்தான். கல்லுப்பும் அயோடின் உப்பும் சமையலுக்கு. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கணக்கில் கலந்து, பம்ப் ஓடவிட்டு, உப்புத்தண்ணீரின் அடர்த்தியைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 வரும்வரை சரிபண்ணுங்கள்.

"காசிமேட்டில் கடலே இருக்கிறதே, இரண்டு கேன் பிடித்து வந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. துறைமுகத் தண்ணீரில் படகு டீசலும் சாக்கடையும் கலந்திருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததைப் பார்த்தவர்கள் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழை சமயத்தில் கரையோரக் கடலின் உப்பும் குறைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேல், புது ஒட்டுண்ணியை இலவசமாக வீட்டுக்குக் கூட்டிவருகிறீர்கள்.

காப்பர்: அளந்து ஊற்ற வேண்டிய மருந்து

வெள்ளைப் புள்ளி, வெல்வெட் இரண்டையும் அடக்குவது காப்பர். கடையில் இரண்டு ரகம் கிடைக்கும், இரண்டுக்கும் அளவு வேறு. கீலேட்டட் என்று போட்டிருக்கும் ரகத்துக்கு 2.0 முதல் 2.5 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்). அயானிக் ரகத்துக்கு 0.5 பி.பி.எம். மட்டுமே. ஒன்றின் அளவை மற்றதற்குப் போட்டால் மீன் அன்றைக்கே போகும், அல்லது நோய் போகாது. பாட்டில் லேபிளைப் படிக்காமல் ஒரு சொட்டுகூட ஊற்ற வேண்டாம். டெஸ்ட் கிட்டும் நீங்கள் வாங்கிய ரகத்தைப் படிக்கக்கூடியதா என்று கேட்டு வாங்குங்கள். நிற அட்டையோடு ஒப்பிடும் கிட்டில் 1.5-க்கும் 2-க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கண் வலிக்கும். எண்ணைக் காட்டும் டிஜிட்டல் செக்கருக்குச் செலவு செய்வது வீண்போகாது.

தொட்டியில் எத்தனை லிட்டர் என்பதைப் பெட்டியில் எழுதியதை வைத்து முடிவு செய்யாதீர்கள். டேப் எடுத்து அளங்கள். நீளம் 60 செ.மீ., அகலம் 30 செ.மீ., தண்ணீர் நிற்கும் உயரம் 25 செ.மீ. என்றால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 45 லிட்டர். தண்ணீர் மட்டத்தில் கண்ணாடிக்கு வெளியே மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். இந்தக் கோடு பிறகு ரொம்ப உதவும். வெயிலில் தண்ணீர் ஆவியாகி இறங்கினால், உப்பும் காப்பரும் அப்படியே இருக்கும், தண்ணீர் மட்டும் குறைந்திருக்கும். அந்தக் குறைவை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால் கோடு வரை நிரப்ப வேண்டும். ஆனால் 10 லிட்டர் அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி எடுத்தீர்கள் என்றால், போடும் 10 லிட்டரில் அதே உப்பும் அதே காப்பர் அளவும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் அளவு மேலும் கீழும் ஆடுகிறது.

முழு அளவை ஒரே நாளில் ஏற்றாதீர்கள். இரண்டு மூன்று நாளில், காலையிலும் மாலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக. வெல்வெட் என்றால் மட்டும் வேகமாக ஏற்ற வேண்டியிருக்கும். அளவைத் தொட்டதிலிருந்து 30 நாள், ஒரு நாளும் கீழே இறங்காமல் நிற்க வேண்டும். பதினைந்தாவது நாள் ஒருமுறை இறங்கிவிட்டது என்றால் கணக்கு முதலிலிருந்து. மீன் தீனியை விட்டுவிட்டால் அளவு ஏறிவிட்டதா என்று உடனே பாருங்கள்.

காப்பர் இருக்கும் தண்ணீரில் அம்மோனியாவைக் கட்டிப்போடும் திரவங்களைச் சேர்க்கக் கூடாது. அவற்றில் சில காப்பரை இன்னும் விஷமான வடிவத்துக்கு மாற்றிவிடும். ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தையே தின்றுவிடும். மாண்டரின், கடல்குதிரை, பைப் மீன், ஈல், பஃபர், லயன் மீன் ஆகியவற்றுக்குக் காப்பர் ஒத்துக்கொள்வது கஷ்டம். அவற்றுக்கு அடுத்த முறை.

மருந்தே இல்லாமல்: மூன்று நாளைக்கு ஒரு தொட்டி

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வெள்ளைப் புள்ளிக்கு மட்டும் பலிக்கும், வெல்வெட்டுக்குப் பலிக்காது. மீனை விட்டு இறங்கிய ஒட்டுண்ணி ஓடு கட்டிக் குஞ்சு பொரிக்கக் குறைந்தது மூன்று நாள் ஆகும் என்றேன் அல்லவா? அந்த மூன்று நாள் முடியும் முன் மீனைப் புதுத் தொட்டிக்கு மாற்றிவிட்டால், ஓடுகள் பழைய தொட்டியோடு போய்விடும்.

ஒரே மாதிரி இரண்டு டப், இரண்டு ஏர் ஸ்டோன், இரண்டு செட் எல்போ. முதல் நாள் மீன் முதல் டப்புக்குள். நான்காம் நாள் காலையில் இரண்டாவதுக்கு. ஏழாம் நாள் மீண்டும் முதலாவதுக்கு. பத்தாம் நாள் மறுபடி இரண்டாவதுக்கு. பதின்மூன்றாம் நாள் சுத்தமான ஒரு கவனிப்புத் தொட்டிக்கு. மாற்றுவது 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கொஞ்சம் முன்னாலேயே மாற்றினால் தப்பில்லை. சூடான தண்ணீரில் எல்லாம் வேகமாக நடக்கும் என்பதால் மே மாதத்தில் ஃபேனை நிறுத்தாதீர்கள். மீனோடு பழைய தண்ணீர் போகாமல், நெட்டிலோ துளையிட்ட டப்பாவிலோ வடித்து மாற்றுங்கள்.

காலியான டப்பை வெந்நீரில் கழுவி மொட்டைமாடியில் கவிழ்த்து வையுங்கள். ஒட்டுண்ணியின் ஓடு ஈரம் காய்ந்தால் செத்துவிடும். சென்னை வெயில் உருப்படியாக உதவும் ஒரே இடம் இதுதான். செலவு உப்பில்தான். 40 லிட்டர் டப் என்றால் கடைசித் தொட்டியையும் சேர்த்து ஐந்து முறை நிரப்ப வேண்டும். 200 லிட்டருக்கு ஏழு கிலோ உப்பு ஆகும். இதில் காப்பர் இல்லாததால் அம்மோனியா திரவம் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

மூன்றாவதாக உப்பைக் குறைக்கும் முறை ஒன்று இருக்கிறது. 1.025-இல் இருந்து இரண்டு நாளில் 1.009-க்கு இறக்கி, கடைசிப் புள்ளி மறைந்து 30 நாள் அங்கேயே வைப்பது. மலிவானது, மீனுக்கும் இதம். ஆனால் 1.011-க்கு ஏறினாலே பலன் போய்விடும். மிதவை ஹைட்ரோமீட்டரை நம்பி இதில் இறங்கக் கூடாது. பி.எச். சரிந்துகொண்டே இருக்கும், தினமும் பார்க்க வேண்டும். குறைந்த உப்பிலும் பிழைத்துக்கொள்ளும் வகைகள் உண்டு. திரும்ப ஏற்றும்போது நாளைக்கு 0.002-க்கு மேல் கூடாது. காப்பரையும் இதையும் சேர்த்துச் செய்யாதீர்கள். வெல்வெட்டுக்கு இதுவும் உதவாது.

அவசரக் குளியல்கள்

வெல்வெட்டிலும் ஃப்ளூக்கிலும் முதல் உதவி நன்னீர்க் குளியல். வாளியில் குளோரின் நீக்கிய நல்ல தண்ணீர், தொட்டியின் அதே சூடு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டு பி.எச்.சைத் தொட்டிக்குச் சமமாக்கி, அரை மணி நேரம் காற்று ஓடவிடுங்கள். மீனை ஐந்து நிமிடம் அதில் விட்டு, கண்ணெடுக்காமல் பாருங்கள். முதல் நிமிடத்தில் சாய்ந்து படுப்பது சாதாரணம். செவுள் அசைவு நின்றால் உடனே எடுத்துவிடுங்கள். கறுப்பு வாளியாக இருந்தால் ஒரு வசதி, ஃப்ளூக் இருந்தால் வெளுத்து எள்ளளவுக்கு உதிர்ந்து அடியில் கிடப்பது கண்ணுக்கே தெரியும். இது மூச்சு விட அவகாசம் தரும் வேலை மட்டுமே. குளித்த மீன் நேராக மருந்துத் தொட்டிக்குப் போக வேண்டும்.

ஃப்ளூக்குக்கு பிராசிக்வாண்டல், லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். முட்டையை இது கொல்லாது. அதனால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. நாய்க்குக் கொடுக்கும் பூச்சி மாத்திரையில் இதுவும் இருக்கும், கூடவே வேறு மருந்துகளும் இருக்கும். அதை நசுக்கிப் போடாதீர்கள், தனி பிராசிக்வாண்டலாகக் கேளுங்கள்.

புரூக்ளினெல்லாவுக்குப் பேர்போனது ஃபார்மலின். 37 சதவீத ஃபார்மலின் ஆறேழு லிட்டர் உப்புத்தண்ணீருக்கு ஒரு மில்லி, பலமான காற்றோடு, அதிகபட்சம் 45 நிமிடம். இது புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனம். கையுறை, கண்ணாடி, திறந்த மாடி, பக்கத்தில் பிள்ளைகள் இல்லாமல். பாட்டில் அடியில் வெள்ளை வண்டல் இருந்தால் அது மீனுக்குக் கொடிய விஷம், தூக்கிப் போடுங்கள். என் அபிப்பிராயத்தில் புதியவர்கள் முதல் முறை தனியாக இதைத் தொட வேண்டாம், செய்து பழகிய ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய தொட்டி: மீனில்லாமல் காத்திருப்பது

எல்லா மீனையும் எடுக்க வேண்டும். புள்ளி தெரியாத மீனையும்தான். "அந்த டாம்செல் நல்லாத்தானே இருக்கு, பிடிக்க முடியல, இருந்துட்டுப் போகட்டும்" என்று விட்டால் இத்தனை வேலையும் வீண். ஒரே ஒரு மீன் இருந்தாலும் ஒட்டுண்ணிக்குச் சாப்பாடு கிடைத்துவிடும். கல்லை எடுக்காமல் பிடிக்க முடியாது என்றால் கல்லை எடுங்கள்.

எத்தனை நாள்? 72 நாள் கழித்துக்கூட ஓடு வெடித்ததாகப் பதிவு இருப்பதால் 76 நாள் என்பது வழக்கமான கணக்கு. தண்ணீர் 27 டிகிரியில் இருந்தால் 45 நாளே போதும் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். அவசரம் இல்லாதவர்களுக்கு நான் 76 நாளைத்தான் சொல்வேன். இறால், நண்டு, நத்தை, பவளம் எல்லாம் உள்ளேயே இருக்கலாம், இந்த ஒட்டுண்ணிகள் அவற்றில் வளராது. அவற்றுக்கும் பாக்டீரியாவுக்கும் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை துளி தீனி போடுங்கள். அந்தத் தொட்டிக்கும் ஆஸ்பத்திரித் தொட்டிக்கும் நெட், வாளி, ட்யூப் எதுவும் பொதுவாக இருக்கக் கூடாது. ஈரக்கையும் அப்படித்தான். இரண்டும் ஒரே அறையில் அடுத்தடுத்து இருந்தால் தண்ணீர்த் தெறிப்பே நோயைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

காசைக் கரைக்கும் வைத்தியங்கள்

'பவளத்துக்குப் பாதுகாப்பானது' என்று எழுதியிருக்கும் புள்ளி மருந்துகள் நிறைய விற்கின்றன. இறாலைக் கொல்லாத மருந்து ஒட்டுண்ணியையும் பெரும்பாலும் கொல்லாது. க்ளீனர் இறால் வாங்கிவிட்டால் அது புள்ளியைத் தின்றுவிடும் என்பதும் நடக்காது, ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் இருக்கிறது. நன்னீர் மீனின் வெள்ளைப் புள்ளிக்குச் சூட்டை 30-க்கு மேல் ஏற்றும் பழக்கம் உண்டு. அது வேறு உயிரி. கடல் தொட்டியில் அதைச் செய்தால் ஒட்டுண்ணி வேகமாகப் பெருகும், ஆக்ஸிஜன் குறையும். கடையில் முதலில் நீட்டும் நீல மருந்து, அதாவது மெத்திலீன் ப்ளூ, ஒட்டுண்ணியை ஒழிக்காது, ஃபில்டர் பாக்டீரியாவைக் கெடுக்கும். யு.வி. விளக்கு தன் வழியாகப் போகும் குஞ்சுகளைக் கொல்லும். அது வழியாகப் போகாதவற்றை என்ன செய்யும்? மஞ்சள், வேப்பிலை பற்றி எழுதவே வேண்டாம் என்று பார்த்தேன், ஆனாலும் யாராவது போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இனி வாங்கும் மீன்

கடையில் மீனைக் காட்டச் சொல்லும்போதே உங்கள் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். சாப்பிடாத மீன், மூச்சு வாங்கும் மீன், அதே தண்ணீரில் இன்னொரு நோயாளி இருக்கும் மீன் எதுவும் வேண்டாம். கடைகளில் பல தொட்டிகள் ஒரே ஃபில்டர் லைனில் ஓடும். அதனால் பக்கத்துத் தொட்டியையும் பாருங்கள். அங்கே காப்பர் போடுகிறார்களா என்று கேளுங்கள். பலர் அடக்கி வைக்கும் அளவுக்கு மட்டும் போடுவார்கள். அங்கே பளிச்சென்று இருந்த மீனுக்கு நம் வீட்டில் புள்ளி கிளம்புவது பெரும்பாலும் அதனால்தான். க்ளவுனில் பண்ணையில் பொரித்தது கிடைத்தால் நாலு காசு கூடக் கொடுத்து அதையே வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் க்ளவுன்களைப் பொரிக்கும் முறையை எப்போதோ நிலைநிறுத்திவிட்டது. கல்லுக்கு லைவ் ராக், அதாவது கடலில் இருந்து உயிரிகளோடு எடுத்த பவளக்கல், தேட வேண்டாம். நம் கடலில் பவளத்தை எடுப்பது வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காய்ந்த கல் போதும், அதில் நோயும் ஒட்டிவராது.

கவர் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஒவ்வொரு புது மீனும் 30 நாள் தனித் தொட்டியில் இருந்துவிட்டு வரட்டும். நத்தை, பவளம்கூட ஓட்டில் ஒட்டுண்ணியைச் சுமந்து வரும். அவற்றையும் மீனில்லாத தண்ணீரில் அதே 45 அல்லது 76 நாள் வைப்பதுதான் முறை. நத்தைக்கு எதற்கு இத்தனை என்று சலிப்பாகத்தான் இருக்கும்.

மீனைத் திருப்பி விடுவது

காப்பர் 30 நாள் முடிந்ததும் தண்ணீர் மாற்றியும் கார்பன் போட்டும் மருந்தை வெளியே எடுங்கள். பிறகு இரண்டு வாரம் சும்மா கவனியுங்கள். அந்த இரண்டு வாரத்தில் ஒரு புள்ளியும் இல்லை, உரசல் இல்லை, தீனி நன்றாக எடுக்கிறது என்றால் ஆஸ்பத்திரித் தண்ணீரின் உப்பைப் பெரிய தொட்டியோடு சமப்படுத்துங்கள். மாலையில் விளக்கை அணைத்துவிட்டு மாற்றுங்கள். சாதுவான மீன் முதலில், சண்டைக்கார டாங் கடைசியில். சேர்த்து வைத்திருந்த மீன்களே இத்தனை நாள் கழித்து இடச் சண்டை போடும். ஒரு வாரம் கண் வைத்திருங்கள்.

காப்பர் தண்ணீரைச் செடிக்கோ தெருவோர மழைநீர்க் கால்வாய்க்கோ ஊற்றாதீர்கள். மழைநீர்க் கால்வாய் நேராகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் போகிறது. கழிவறையில் நிறைய தண்ணீரோடு ஊற்றிவிடுங்கள். ஸ்பாஞ்சைக் குப்பையில் போடுங்கள். தொட்டியை ப்ளீச்சிங் தண்ணீரில் கழுவி மொட்டைமாடியில் காயவைத்து எடுத்து வையுங்கள். காப்பர் பட்ட டப்பின் வெளிப்பக்கம் பெயிண்டால் பெரிதாக 'காப்பர்' என்று எழுதுங்கள். வீட்டில் யாராவது அவசரத்துக்கு இறாலை அதில் விட்டுவைப்பார்கள்.